நல்ல கணக்கு கிடைப்பது கஷ்டம்

ஒரே மாதிரியான மூன்று உலோகக் கட்டிகள். இரண்டு 300 கெல்வினில் இருக்கின்றன, ஒன்று 100 கெல்வினில். வெளியிலிருந்து வெப்பம் வராது, யாரும் வேலை செய்து தரவும் மாட்டார்கள். மூன்றுக்கும் நடுவில் என்ன இயந்திரம் வேண்டுமானாலும் வைத்து ஓட்டிக்கொள்ளலாம். கட்டிகளின் தன்வெப்பம், அதாவது ஒரு டிகிரி ஏற்றத் தேவைப்படும் வெப்பம், மாறாது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒன்றை அதிகபட்சம் எவ்வளவு சூடாக்கலாம்?

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில், போனில் சேமித்து வைத்திருந்த கேள்விகளுக்கு நடுவில் இதைப் படித்தேன். பழைய கணக்குதான், பல பாடநூல்களில் ஏதாவது ஒரு வடிவத்தில் இருக்கும். எனக்கு அன்று புதுசு. ரெட்டிச்சாவடி வருவதற்குள் முடிவு கட்டிவிட்டேன். இருப்பதிலேயே சூடான பொருள் 300. வெப்பம் மேலிருந்து கீழேதான் இறங்கும். ஆக, 300தான் உச்சம். போனைப் பையில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கிருமாம்பாக்கம் தாண்டும்போது உறுத்தியது. விடை இவ்வளவு சுலபம் என்றால் ‘என்ன இயந்திரம் வேண்டுமானாலும்’ என்று எதற்குச் சொல்ல வேண்டும்?

அரியாங்குப்பம் பாலத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. காலை நேரத்தில் அது வழக்கம்தான். டிரைவர் இன்ஜினை அணைத்தார். அந்தச் சத்தம் நின்ற நேரத்தில்தான் பிடிபட்டது. 300இல் ஒன்றையும் 100ஐயும் எடுத்துக்கொண்டு நடுவில் ஒரு வெப்ப இயந்திரத்தை ஓட்டினால் வேலை கிடைக்கும். அந்த வேலையைக் கொண்டு ஒரு குளிர்சாதனப் பெட்டியை ஓட்டுவது போல ஓட்டி, மிச்சமிருக்கும் 300இன் தலையில் வெப்பத்தை ஏற்றலாம். வெப்பம் தானாகத்தான் மேலே போகாது. தள்ளுவதற்கு ஆள் இருந்தால் போகும். தள்ளுகிற ஆள் அந்த மூன்று கட்டிகளுக்குள்ளேயே இருக்கிறார்.

ராத்திரி சாப்பிட்டுவிட்டு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். நிபந்தனை இரண்டுதான். ஆற்றல் வெளியே போகாது, அதனால் மூன்று வெப்பநிலைகளின் கூட்டல் எப்போதும் 700. இயந்திரம் முழுக்க மீள் முறையில், அதாவது அப்படியே பின்னோக்கியும் ஓட்ட முடிகிற மாதிரி விரயமில்லாமல், ஓடினால் மொத்த என்ட்ரோபி (ஆற்றல் எவ்வளவு சிதறிக் கிடக்கிறது என்பதன் அளவு) மாறாது. தன்வெப்பம் மாறாத பொருளின் என்ட்ரோபி அதன் வெப்பநிலையின் மடக்கையைப் பொறுத்தது. மடக்கைகளின் கூட்டல் மாறவில்லை என்றால் எண்களின் பெருக்கல் மாறவில்லை என்று அர்த்தம். 300, 300, 100 பெருக்கினால் 90 லட்சம். ஒரு கட்டி உச்சத்தைத் தொடும்போது மற்ற இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் அவற்றுக்கு இடையிலான வித்தியாசத்திலிருந்து இன்னும் கொஞ்சம் வேலை கறந்திருக்கலாம். கூட்டினால் 700, பெருக்கினால் 90 லட்சம், இரண்டு எண்கள் சமம். 150, 150, 400.

நானூறு கெல்வின், அதாவது 127 டிகிரி செல்சியஸ். 27 டிகிரியில் இருந்த ஒரு கட்டி, வெளி உதவி எதுவும் இல்லாமல், தண்ணீர் கொதிக்கும் சூட்டையும் தாண்டிப் போகிறது. எந்த விதியும் மீறப்படவில்லை. அன்றைக்கு வெகு நேரம் தூக்கம் வரவில்லை.

இந்த மாதிரி ஒரு கணக்கு கையில் கிடைக்க எனக்கு ஏறக்குறைய இருபது வருஷம் ஆனது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

கடலூரில் பி.எஸ்சி. இயற்பியல் படித்தவன் நான். வெப்ப இயக்கவியல் தாளில் நல்ல மதிப்பெண். ஆனால் அந்தத் தாளில் கணக்கு என்று ஒன்று கிடையாது என்றே சொல்லலாம். கார்னோ இயந்திரத்தின் (இரண்டு வெப்பநிலைகளுக்கு நடுவில் இதைவிடத் திறமையாக எதுவும் ஓட முடியாது என்ற கற்பனை இயந்திரம்) பயனுறு திறனைத் தருவி, மேக்ஸ்வெல் தொடர்புகள் நான்கையும் தருவி, கிளாசியஸ் கிளாப்பிரான் சமன்பாட்டைத் தருவி. தருவித்துத் தருவித்துக் கை ஓய்ந்துபோகும். எப்போதாவது ஒரு கணக்கு வந்தால், 500 கெல்வினுக்கும் 300 கெல்வினுக்கும் இடையே இயங்கும் இயந்திரத்தின் திறன் என்ன என்று வரும். கழித்து வகுத்தால் 40 சதவீதம். இரண்டு மதிப்பெண். யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அறுபது பேர் வகுப்பில் அதற்குத்தான் நேரம் இருந்தது. அப்புறம் வேலை, கல்யாணம், வீட்டுக் கடன். இயற்பியல் அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது.

நாற்பது வயதை நெருங்கும்போது அண்ணன் மகள் நுழைவுத் தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு வந்து ஒரு கேள்வி கேட்டாள். வெப்பம் புகாத ஒரு பெட்டி, நடுவில் தடுப்பு. ஒரு பாதியில் 300 கெல்வினில் ஹீலியம், மறு பாதி வெற்றிடம். தடுப்பை எடுத்துவிட்டால் வாயுவின் வெப்பநிலை என்ன ஆகும்? எனக்குச் சூத்திரம் நினைவிருந்தது. வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு, கன அளவு இரண்டு மடங்கு, காமா, அதாவது வாயுவின் இரண்டு தன்வெப்பங்களின் விகிதம், மூன்றில் ஐந்து. மனக்கணக்காகவே போட்டு 189 கெல்வின் என்றேன். அவள் கொஞ்ச நேரம் நோட்டைப் பார்த்தாள்.

“சித்தப்பா, அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லையே. எதைத் தள்ளி வேலை செய்யும்? வேலையே செய்யலைன்னா அப்புறம் எப்படிக் குளிரும்?”

விடை 300தான். வாயு எதையும் தள்ளவில்லை, வேலை செய்யவில்லை, அக ஆற்றல் அப்படியே இருக்கிறது. நல்லியல்பு வாயுவுக்கு அக ஆற்றல் மாறாவிட்டால் வெப்பநிலையும் மாறாது. ஜேம்ஸ் ஜூல் 1840களிலேயே கிட்டத்தட்ட இதே சோதனையைச் செய்து பார்த்துவிட்டார். நான் போட்ட சூத்திரம், பிஸ்டன் மெல்ல மெல்ல நகரும்போது, ஒவ்வொரு கணமும் சமநிலையில் இருந்துகொண்டே வாயு விரிவதற்கு உரியது. இங்கே தடுப்பு திறந்த கணத்தில் சமநிலை போய்விட்டது. என்ட்ரோபி ஒரு மோலுக்கு 5.76 ஜூல் வகுத்தல் கெல்வின் ஏறியிருக்கும், ஆனால் நான் போட்டது என்ட்ரோபி மாறாத நிகழ்வின் சூத்திரம்.

ஒரு பட்டம் வாங்கி, அந்தத் தாளில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கியவனுக்கு, ‘வெப்பம் போகவில்லை’ என்பதும் ‘மீள் நிகழ்வு’ என்பதும் வேறு வேறு என்று தெரிந்திருக்கவில்லை. எனக்கு அது வலித்தது. அன்றிலிருந்துதான் கணக்கு தேட ஆரம்பித்தேன்.

முதலில் எல்லோரும் செய்யும் தப்பைத்தான் செய்தேன். கடினம் என்று பெயர் எடுத்த தொகுப்புகளாகப் பார்த்துச் சேர்த்தேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் முனைவர் பட்ட மாணவர்களுக்கு வைக்கும் தகுதித் தேர்வுகளின் கேள்விகளைத் தொகுத்து, விடைகளோடு தடிமனான புத்தகங்களாகப் போட்டிருக்கிறார்கள். அதில் ஒன்றை வாங்கி, தினமும் ராத்திரி பத்துப் பக்கம் என்று வைத்துக்கொண்டேன். கேள்வியைப் படிப்பேன், ஐந்து நிமிடம் யோசிப்பேன், விடையைப் படிப்பேன். ‘ஆமாம், சரிதான்’ என்று தலையாட்டுவேன். மூன்று மாதத்தில் நூறு கணக்குக்கு மேல் ‘முடித்தேன்’. ஒரு நாள் அதே புத்தகத்தைத் திறந்து, ஏற்கெனவே படித்த பத்துக் கணக்குகளை வெறும் தாளில் போட உட்கார்ந்தேன். இரண்டுதான் வந்தன.

புத்தகத்தின் மேல் தப்பில்லை. அந்தக் கேள்விகளில் பாதி, புள்ளியியல் இயக்கவியலில் நல்ல பழக்கம் உள்ளவர்களுக்கானவை. மீதியில் பல, கேள்வியாகப் பார்த்தால் அருமையானவை. கேள்விக்குக் கீழேயே விடை இருந்ததுதான் எனக்கு எமன். கண் தானாகக் கீழே போய்விடும். அட்டை ஒன்றை வெட்டி மறைத்துப் பார்த்தேன், பக்கத்தைத் திருப்பும்போது எப்படியும் ஒரு வரி தெரிந்துவிடும். அந்த ஒரு வரி போதும் கணக்கைக் கொல்ல.

அதனால்தான் இரோதோவ் எனக்கு ஒத்துவந்தார். சோவியத் காலத்து மிர் பதிப்பகப் புத்தகம். அந்தப் புத்தகங்களெல்லாம் ஒரு காலத்தில் நியூ செஞ்சுரி புத்தகக் கடைகளில் சல்லிசு விலைக்குக் கிடைத்தன. நம் ஊர்களில் அப்பாக்கள், மாமாக்கள் வைத்திருந்த இயற்பியல் புத்தகங்களில் பாதி அப்படி வந்தவைதான். இரோதோவின் பொது இயற்பியல் கணக்குத் தொகுப்பில் இரண்டாம் பகுதி வெப்ப இயக்கவியலும் மூலக்கூறு இயற்பியலும். கேள்விகள் இரண்டு மூன்று வரிதான். விடைகள் கடைசியில், பெரும்பாலும் ஒரு சூத்திரமும் ஓர் எண்ணும், எங்காவது ஒரு சிறு குறிப்பும் மட்டும். விடை சரியா என்று பார்த்துக்கொள்ளலாம், வழியைப் பார்க்க முடியாது. தனியாகப் படிப்பவனுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது என்று நினைக்கிறேன். தப்பாக வந்தால், எங்கே தப்பு என்று நாமேதான் தேடியாக வேண்டும். தேடும்போதுதான் நாம் எதைத் தப்பாக நம்பிக்கொண்டிருந்தோம் என்பது வெளியே வரும்.

பொறியியல், அறிவியல் முதுநிலைப் படிப்புகளுக்கான கேட் தேர்வின் பழைய கேள்விகளும் எல்லோருக்கும் கிடைக்கின்றன. ஒன்று அல்லது இரண்டு மதிப்பெண் கேள்விகள். அலகு மாற்றத்தில், நீராவி அட்டவணை பார்ப்பதில் கை பழக அவை நல்லவை. யோசிக்க வைப்பவை குறைவு. பன்னாட்டு இயற்பியல் ஒலிம்பியாட் அப்படியில்லை. 1967இல் வார்சாவில் தொடங்கிய போட்டி, இந்தியா 1998 முதல் கலந்துகொள்கிறது, 2015இல் மும்பையிலேயே நடந்தது. பழைய கேள்வித்தாள்கள் இலவசமாகவே இருக்கின்றன. நம் நாட்டுத் தேர்வுச் சுற்றுகளின் தாள்களை மும்பையில் உள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் வெளியிடுகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கானது என்று நான் முதலில் ஒதுக்கிவைத்தேன். அது தப்பு. கணிதம் எளிமையாக இருக்கும், இயற்பியல் எளிமையாக இருக்காது. ஒரு கேள்வி ஐந்தாறு துண்டுகளாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டே போகும். ஒரு தாளை வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டியிருக்கிறேன்.

என்ரிக்கோ ஃபெர்மி 1936 கோடையில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடத்திய பாடங்கள் ஒரு சின்னப் புத்தகமாக வந்திருக்கின்றன. அத்தியாய முடிவில் சில கணக்குகள்தான். அந்தச் சிலதையும் அவசரப்படாமல் போட்டால் போதும் என்று ஒரு பேராசிரியர் நண்பர் சொன்னார். போட்டேன். அவர் சொன்னது சரி.

ஆனாலும் புத்தகம் சேர்ப்பதில் ஒரு போதை உண்டு. கடினமான கணக்கு வேறு எங்கோ, இன்னும் பெரிய புத்தகத்தில் இருக்கிறது என்று தோன்றிக்கொண்டே இருக்கும். அதை உடைத்தது அந்த மூன்று கட்டிக் கணக்குதான்.

400 என்று விடை வந்த மறுநாள், அதே பஸ்ஸில், வேறு கணக்கு எடுக்க மனசு வரவில்லை. சரி, இதையே கொஞ்சம் மாற்றிப் பார்ப்போம் என்று எண்களைத் திருப்பிப் போட்டேன். இரண்டு சூடு, ஒரு குளிர் என்பதற்குப் பதிலாக ஒரு சூடு, இரண்டு குளிர். 300, 100, 100. இப்போது உச்சம் எவ்வளவு? முன்பு 400 வரை போனதே, இப்போது ஒரு 350ஆவது வரும் என்று எதிர்பார்த்தேன்.

வரவில்லை. சமன்பாடு 300 என்றே சொன்னது. ஒரு டிகிரிகூட ஏறாது. முதலில் நம்பவில்லை, இரண்டு முறை போட்டேன். அப்புறம் யோசித்தபோது அது எவ்வளவு இயல்பு என்று புரிந்தது. சூடான கட்டியை மேலே தள்ள வேலை வேண்டும். அந்த வேலையை அதைத் தொடாமல் மற்ற இரண்டிலிருந்து எடுக்க வேண்டும். மற்ற இரண்டும் 100இல் இருக்கின்றன, அவற்றுக்கு நடுவில் வித்தியாசமே கிடையாது. வித்தியாசம் இல்லாத இடத்தில் இயந்திரம் ஓடாது. முதல் கணக்கில் நம்மிடம் உபரியாக ஒரு 300 இருந்தது. இங்கே உபரியாக இருப்பது ஒரு 100. அப்படியானால் இங்கே சூடாக்க முடியாது, குளிர்விக்க முடியும்! போட்டுப் பார்த்தால் ஒரு கட்டியை ஏறக்குறைய 63 கெல்வின் வரை இறக்கலாம், மற்ற இரண்டும் 219 பக்கம் வந்து நிற்கும்.

உடனே பழைய கணக்குக்குத் திரும்பிப் போனேன். அங்கே சமன்பாட்டைத் தீர்த்தபோது 150ஓடு இன்னொரு விடையும் வந்திருந்தது: இரண்டு கட்டிகள் 300, ஒன்று 100. அது நாம் தொடங்கிய நிலை, எனவே பயனில்லை என்று அடித்துப் போட்டிருந்தேன். இப்போதுதான் அது என்ன சொல்கிறது என்று தெரிந்தது. அந்த ஏற்பாட்டில் எந்தக் கட்டியையும் 100க்குக் கீழே இறக்கவே முடியாது, தொடக்க நிலையே அடிமட்டம். நான் குப்பையில் போட்ட எண் ஒரு முழுக் கேள்விக்கு விடை.

இதற்கப்புறம் இன்னும் ஒரு சொல்லை மாற்றினேன். அந்த 100 கெல்வின் பொருள் கட்டி இல்லை, ஒரு கடல். எவ்வளவு வெப்பம் கொட்டினாலும் அதன் வெப்பநிலை ஏறாது. இப்போது ஆற்றல் கூட்டல் 700 என்பது உடைந்துபோகிறது, கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு கட்டி 100 வரை இறங்கும்போது எவ்வளவு வேலை தரும், அந்த வேலை இன்னொன்றை எவ்வளவு ஏற்றும் என்று போட வேண்டும். விடை சுமார் 425. முழு எண்ணாக வராது, கால்குலேட்டரில் தட்டித் தட்டித்தான் பிடிக்க வேண்டும். எனக்கு அந்த அசிங்கமான எண் பிடித்திருந்தது. அந்தக் கேள்வியை எனக்கு யாரும் தரவில்லை.

இன்றைக்கு யாராவது என்னிடம் கடினமான கணக்கு எங்கே கிடைக்கும் என்று கேட்டால், கையில் இருக்கும் சுலபமான கணக்கைக் காட்டு என்பேன். ‘மெதுவாக’ என்று இருந்தால் ‘சட்டென்று’ என்று மாற்று. ‘மூடிய’ என்று இருந்தால் ‘திறந்த’ என்று மாற்று. காற்று முழுவதும் எடுக்கப்பட்ட, வெப்பம் புகாத ஒரு தொட்டியின் வால்வைத் திறந்து 27 டிகிரி வெளிக்காற்றை உள்ளே விட்டால், அழுத்தம் சமமாகும் நேரத்தில் உள்ளே வெப்பநிலை என்ன? அண்ணன் மகளின் பெட்டிக் கணக்குதான், தடுப்புக்குப் பதில் வெளியுலகத்தைத் திறந்துவிட்டிருக்கிறோம். அங்கே வெப்பநிலை மாறவில்லை. இங்கே 147 டிகிரிக்கு ஏறுகிறது. ஏனென்றால் இங்கே தள்ளுவதற்கு ஆள் இருக்கிறது, வெளியில் உள்ள காற்று மண்டலம் முழுவதும் பின்னாலிருந்து அழுத்தி உள்ளே திணிக்கிறது. நிஜத் தொட்டியில் சுவர்கள் வெப்பத்தை உறிஞ்சிவிடும், அவ்வளவு ஏறாது. வெற்றிடத்துக்குள் பாயும் காற்று சூடாகும் என்பதையே நான் நாற்பது வயது வரை யோசித்தது கிடையாது. இரண்டு கணக்குக்கும் வித்தியாசம் எல்லைக் கோட்டை எங்கே போடுகிறோம் என்பதில்தான். வெப்ப இயக்கவியலில் கடினம் என்பது பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது, தொகையீட்டில் இல்லை.

புத்தகத்துக்கு வெளியேயும் தேட ஆரம்பித்தேன். நம் மாவட்டத்தில் வெப்ப இயக்கவியலுக்குப் பஞ்சமே கிடையாது. நெய்வேலி இருக்கிறது. அங்கே தோண்டும் பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். ஒரு கிலோ எரித்தால் அரை கிலோ தண்ணீரை ஆவியாக்கிப் புகைபோக்கி வழியே அனுப்ப வேண்டும், அதற்கே சுமார் 1,200 கிலோஜூல். கணக்காகப் பார்த்தால் மூன்றரைக் கிலோ ஐஸை உருக்கும் வெப்பம், ஒவ்வொரு கிலோ நிலக்கரிக்கும், வானத்துக்குப் போகிறது. முன்னாலேயே காயவைத்தால் மிச்சமாகுமா, காயவைக்கும் வெப்பத்தை எங்கிருந்து எடுப்பது? இதை இன்னும் முழுசாகப் போடவில்லை.

முழுசாகப் போட்டது ஐஸ் கணக்கு.

கடலூர் முதுநகர் துறைமுகப் பக்கம் போனால் ஐஸ் ஃபேக்டரி கண்ணில் படாமல் இருக்காது. கடலுக்குப் போகும் படகுக்கு டீசல் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் ஐஸ். என் சொந்தக்காரர் ஒருவர் மூலமாக ஒரு ஃபேக்டரியின் ஆபரேட்டர் அண்ணனைத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உள்ளே கூட்டிப்போனார். கால் வைத்ததும் அம்மோனியா நெடி மூக்கில் லேசாக ஏறியது. தரை முழுக்க மரப் பலகை மூடிகள். ஒரு மூடியைத் தூக்கினார். கீழே உப்புத் தண்ணீர்த் தொட்டி, அதற்குள் வரிசையாகத் தகர கேன்கள், கேன்களுக்குள் நல்ல தண்ணீர். உப்புத் தண்ணீர் பூஜ்யத்துக்கு எவ்வளவோ கீழே இருந்தும் உறையாமல் அலைந்துகொண்டிருக்கிறது, நல்ல தண்ணீர் கேனின் ஓரத்திலிருந்து வெள்ளையாகக் கட்டிக்கொண்டு வருகிறது. கட்டி முடிந்த ஒரு கேனைக் கிரேனில் தூக்கி, சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிச் சாய்த்தார்கள். ஐம்பது கிலோ பார் வழுக்கிக்கொண்டு வந்து தரையில் நின்றது.

“ஓரமெல்லாம் சீக்கிரம் கட்டிடும் தம்பி. நடுவுலதான் லேட்டாகும்” என்றார்.

ஏன் லேட்டாகும் என்பதே ஒரு நல்ல கணக்கு. கட்டின ஐஸே போர்வை மாதிரி, அதைத் தாண்டித்தான் உள்ளே இருக்கும் வெப்பம் வெளியே வர வேண்டும். ஐஸ் இரண்டு மடங்கு தடிமனாக நான்கு மடங்கு நேரம் ஆகும். ஆனால் நான் அன்று நோட்டில் எழுதிக்கொண்டு வந்தது வேறு கேள்வி: 30 டிகிரி தண்ணீரிலிருந்து இந்த ஒரு பாரைச் செய்யக் குறைந்தபட்சம் எவ்வளவு கரண்ட் வேண்டும்? யார் எவ்வளவு நல்ல மிஷின் செய்தாலும் இதற்குக் கீழே போக முடியாது என்ற எண் எது?

வீட்டுக்கு வந்து போட்டேன். ஒரு கிலோவுக்கு, தண்ணீரை 30இலிருந்து பூஜ்யத்துக்குக் கொண்டுவர 126 கிலோஜூல் வெளியே எடுக்க வேண்டும், உறையவைக்க 334. ஆக 460. வெளியே 303 கெல்வின், உள்ளே 273. கார்னோ குளிர்சாதனம் என்று வைத்து வகுத்தால் கிலோவுக்கு 50 கிலோஜூல் வேலை, ஐம்பது கிலோ பாருக்கு 0.7 யூனிட். சுத்தமாக வந்துவிட்டது. அங்கேயே நிறுத்தியிருந்தால் தப்பான விடையோடு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. தண்ணீர் 30 டிகிரியில் இருக்கும்போது முதல் டிகிரியைக் குறைக்க எதற்குப் பூஜ்யத்தில் நிற்கும் குளிர் வேண்டும்? 29.9இல் நின்றாலே போதும். அங்கே ஏறவேண்டிய மேடு ஏறக்குறைய இல்லை. தண்ணீர் குளிரக் குளிர மேடு கொஞ்சம் கொஞ்சமாக உயர்கிறது. நான் எல்லா வெப்பத்தையும் மொத்தமாகப் பள்ளத்தின் அடியிலிருந்து தூக்கியிருக்கிறேன். கீழ் வெப்பநிலை மாறிக்கொண்டே இருக்கிறது என்று வைத்து, என்ட்ரோபியைக் கூட்டிப் போட்டால் கிலோவுக்கு 43 கிலோஜூல், பாருக்கு 0.6 யூனிட். இதற்குக் கீழே யாராலும் போக முடியாது.

அடுத்த ஞாயிறு மறுபடி போனேன். அம்மோனியா உள்ளே எத்தனை டிகிரியில் ஆவியாகிறது என்று கேட்டேன். அழுத்தமானியைக் காட்டினார், அதிலிருந்து பார்த்தால் மைனஸ் 15 பக்கம். மேலே குழாய்களின் மேல் தண்ணீர் வழியவிட்டு அம்மோனியாவைத் திரவமாக்கும் இடத்தில் 35 பக்கம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கார்னோ மிஷினே ஓடினாலும் பாருக்கு 1.24 யூனிட் ஆகிறது. 0.6 எங்கே, 1.24 எங்கே! கம்ப்ரஸரின் உராய்வு, மோட்டார் நஷ்டம், மூடி இடுக்கில் உள்ளே வரும் வெப்பம் எதையும் இன்னும் சேர்க்கவில்லை. பாதிக்கு மேல் வேலை, வெப்பத்தைக் குழாய்ச் சுவர்கள் வழியே ஓட வைப்பதற்கே போய்விடுகிறது. வெப்பம் ஓட வேண்டுமென்றால் வெப்பநிலை வித்தியாசம் வேண்டும், அவசரமாக ஓட வேண்டுமென்றால் பெரிய வித்தியாசம் வேண்டும். ஃபேக்டரியின் கரண்ட் பில்லை அந்த மாதம் எடுத்த பார்களால் வகுத்துப் பார்த்தோம். 1.24ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல் வந்தது. அந்த மீதி எங்கே போகிறது என்று ஒவ்வொரு குழாயாகக் கையை வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தோம். உள்ளே இழுக்கும் குழாயில் பனி பூத்திருந்தது, வெளியே தள்ளும் குழாயில் கை வைக்க முடியவில்லை.

கார்னோ 1824இல் தன் புத்தகத்தை எழுதியபோது வெப்பம் என்பது ஒரு பாய்மம், அது உயரத்திலிருந்து விழும் தண்ணீர் போல இயந்திரத்தை ஓட்டுகிறது என்றுதான் நினைத்தார். அந்தக் கருத்து பிறகு விழுந்துவிட்டது. அவர் கண்டுபிடித்த வரம்பு விழவில்லை. 1832இல் காலராவில் இறந்தபோது வயது 36. அவர் கேட்ட கேள்வி நீராவி இன்ஜினை மனதில் வைத்துக் கேட்டது, ‘இதற்கு மேல் எவ்வளவு நன்றாக ஓட முடியும்?’ என்பது. முதுநகரில் அந்தச் சத்தத்துக்கு நடுவில் நின்றபோது, இருபது வருஷத்துக்கு முன்னால் பத்து மதிப்பெண்ணுக்குத் தருவித்துவிட்டுப் போன விஷயம் இதுதானா என்று இருந்தது.

கிளம்பும்போது ஆபரேட்டர் அண்ணன் கூப்பிட்டார்.

“தம்பி, ராத்திரில கரண்ட் கம்மியா இழுக்குது. அதே பாருதான், அதே மிஷின்தான். எவ்வளவு கம்மின்னு உன் கணக்குல வருமா?”

பஸ்ஸில் வரும்போதே போட்டுப் பார்த்தேன். மேலே 35 என்பது ராத்திரியில் 30 ஆனால், ஏறவேண்டிய மேடு 50 டிகிரியிலிருந்து 45 ஆகிறது, வேலை பத்தில் ஒரு பங்கு குறையும். ஊற்றும் தண்ணீரும் கொஞ்சம் குளிர்ந்திருக்கும், அதையும் சேர்த்தால் இன்னும் சற்றுக் குறையும். அவர் மீட்டரைப் பார்த்துச் சொல்வதோ இதைவிட அதிகம். மூடி இடுக்கில் வரும் வெப்பத்தை நான் விட்டுவிட்டேனா, கம்ப்ரஸர் ராத்திரியில் வேறு மாதிரி ஓடுகிறதா, இல்லை மேலே உள்ள வெப்பநிலையே நான் நினைத்த அளவைவிட இன்னும் இறங்குகிறதா என்று தெரியவில்லை. அளந்தால்தான் தெரியும். குழாயில் கட்டுவதற்கு இரண்டு தெர்மாமீட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை ராத்திரி ஷிஃப்டுக்கு வருகிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.